ஞாயிறு பூசையில இருக்குற அருள் திங்கக்கிழமை பெரட்டுல எங்க போகுது?

மஸ்கெலியா மகள்:
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தது. விடிய 4 மணிக்கு எந்திரிச்சு ரொட்டி சுட்டு புள்ளைங்கள கெளப்பி, படுக்கையில இருக்குற மாமிய கழுவி தொடைச்சு விட்டுட்டு, தேயிலைத் தோட்டத்துல காலையில பேர் பதிஞ்சு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடணும், மழை பேஞ்சா கூடை முதுகுல கல்லு மாதிரி கனக்கும், கொழுந்து கிலோ வரலன்னா அரைப்பேர், பாதி சம்பளம் தான். அந்தியில செபமாலைய எடுத்தா ரெண்டாவது தேவ ரகசியம் வர்றதுக்குள்ள தூங்கிருறேன். ஞாயித்துக்கிழமை பூசையில நன்மை (நற்கருணை) வாங்கிட்டு வர்றப்ப மனசு நெறைஞ்சு தான் இருக்கு, மறுநாளே மாமிகிட்ட எரிஞ்சு விழுறேன். அருளுக்கு மனச தொறந்து வைங்கன்னு ஃபாதர் சொல்றாரு, நேரமே இல்லாதவ எப்புடி தொறந்து வைக்கிறது?

தலவாக்கலை தம்பி:
அக்கா நாங்க சபைக்கு போறவங்க, கிருபைன்னு சொல்லுவோம், ரெண்டும் ஒன்னு தான். பைபிள்ல 1 ராஜாக்கள் 19 படிங்க. எலியா தீர்க்கதரிசி போதும் ஆண்டவரே என் உயிர எடுத்துக்கங்கன்னு சூரைச்செடிக்கு கீழ படுத்து தூங்கிட்டாரு, தேவதூதன் வந்து ஏன் ஜெபிக்கலன்னு கேக்கல, எந்திரிச்சு சாப்புடுன்னு தான் சொன்னாரு, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் தலமாட்டுல இருந்துச்சு. சாப்புட்டு மறுபடியும் படுத்துட்டாரு, அப்பவும் திட்டல, ரெண்டாவது தடவையும் தட்டி எழுப்பி சாப்புட சொன்னாரு. செபமாலையோட தூங்குறதுக்கு அழாதீங்க அக்கா.

ஹட்டன் அண்ணன்:
தம்பி சொன்னது சரி, ஆனா தங்கச்சி மனச உறுத்துறது தூக்கம் இல்ல, மாமிகிட்ட எரிஞ்சு விழுறது. அதுக்கு ராத்திரி செபம் வரைக்கும் காத்திருக்க வேணாம்மா, அந்த எடத்துலயே மாமி கைய புடிச்சு மன்னிச்சிருங்கன்னு சொல்லுங்க. இலங்கையில ஊழியம் செஞ்ச குருவானவர் புனித ஜோசப் வாஸ் அடிகளார எனக்கு ரொம்ப புடிக்கும், 2015 ஜனவரி 14 கொழும்பு காலிமுகத்திடல்ல பாப்பரசர் அவர புனிதரா அறிவிச்சாரு. நம்ம கண்டியில அவர உளவாளின்னு சிறையில போட்டாங்க, 1697ல அம்மை நோய் வந்து ஊரே பயந்து ஓடுனப்ப அதே கண்டியில நோயாளிங்க புண்ண கழுவி சாப்பாடு குடுத்தாரு. நீங்க மாமிய கழுவுறதும் அந்த வேலை தானே. அது செபத்துக்கு தடைன்னு நெனைக்காதீங்க.

பொகவந்தலாவ பெரியம்மா:
மகளே நான் 31 வருஷம் கொழுந்து எடுத்தவ. சாக்குல கொழுந்த அமுக்கி அமுக்கி கட்டுனா என்னாகும்னு ஒனக்கு தெரியும், உள்ளுக்குள்ளயே சூடேறி சிவந்துரும், காத்து போற மாதிரி தளர்வா வைக்கணும். நானும் எல்லாத்தையும் நானே செய்வேன்னு அப்புடித்தான் அமுங்கி கெடந்தேன். மலையில ஒரு தேயிலை நெரை முடிச்சு அடுத்த நெரைக்கு மாறுறப்ப ஆண்டவரே கூட வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன், அவ்வளவு தான், அது போதும். இன்னொன்னு, ஒதவிக்கு யாராச்சும் வந்தா வேணாம்னு சொல்றியா? அத யோசி. அருளு எப்பவும் செபத்துல மட்டும் வர்றதில்ல.

மஸ்கெலியா மகள்:
பெரியம்மா படிச்சுட்டு அழுதுட்டேன். பக்கத்து லயத்து காம்பரா (வீட்டு) அக்கா, மாரியம்மன் கோயிலுக்கு போறவங்க, மூனு மாசமா மாமிய நான் பாத்துக்குறேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, நான் தான் கடன்பட வேணாம்னு ஒதுக்கிட்டே வந்தேன். நேத்து சரின்னுட்டேன். மாமிகிட்ட மன்னிப்பும் கேட்டேன், ஒன்னும் பேசல, என் கைய மட்டும் விடல. அந்தியில அக்கா மாமிக்கு தலை பின்னி விட்டுட்டு இருந்தாங்க, நான் வாசல் இஸ்தோப்புல உக்காந்து சாயத் தேத்தண்ணி குடிச்சேன், எத்தன மாசத்துக்கு அப்புறம் சூடா.