அடிக்கடி மறைந்துபோகும் வன்தட்டு: கர்னலின் வழுவா?

உப்புவெளியான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் கடற்கரைக்கு அண்மையில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்துகிறேன். கலியாணப் படங்களையும் கோயில் திருவிழாப் படங்களையும் சேமிக்கும் கணினியில் லினக்ஸ் வகையான டெபியன் 12 ஓடுகிறது. இயங்குதளம் ஒரு சிறிய எஸ்எஸ்டியில் இருக்கிறது. படங்கள் சாட்டா கேபிளால் இணைந்த 4 டெராபைட் வன்தட்டில், ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் இருக்கின்றன. சென்ற வாரம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்தேன். அதற்கு இரண்டு நாட்களுக்குப் பின்னர், பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது வன்தட்டு வாசிப்புக்கு மட்டும் என்ற நிலைக்கு மாறத் தொடங்கியது. சில வேளைகளில் முழுவதுமாகவே காணாமற்போகிறது. கணினியை நிறுத்தித் தொடக்கினால் ஒன்றுமே நடவாததுபோல் திரும்பி வருகிறது. கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜின் கடைசி வரிகள் ஜேபிடி2 ஜர்னல் (ஈஎக்ஸ்டி4 தான் செய்யும் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் ஏடு) கைவிடப்பட்டதையும் ஈஎக்ஸ்டி4 பிழையையும் சொல்கின்றன. பழைய கர்னலுக்குத் திரும்பினால் போதுமா, அல்லது கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டவேண்டுமா?

குறுக்குத்தெரு எழுதியது:

எஃப்எஸ்சிகேயை இப்போது ஓட்டாதீர்கள். வன்தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான தொடர்பே ஆட்டங்காணும்போது கோப்பு முறைமையைத் திருத்தப் புறப்பட்டால், திருத்தத்தின் நடுவே எழுதுவது அறுந்துபோய், இப்போதுள்ளதைவிடப் பெரிய சேதம் வரலாம். படங்களுக்கு வேறிடத்தில் நகல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

நீங்கள் தந்தது கடைசி வரிகள்; நமக்கு வேண்டியது முதல் வரி. சாட்டா வன்தட்டின் பிழை கீழிருந்து மேலே ஏறி வருவது. வன்தட்டோடு நேரே பேசும் கர்னல் பகுதியான லிப்ஏடிஏ அதை முதலில் காண்கிறது. பலமுறை முயன்றும் முடியாதபோது கர்னலில் அதற்கு மேலுள்ள ஸ்கசி அடுக்குக்கும், அங்கிருந்து பிளாக் அடுக்குக்கும் செய்தி போகிறது. எழுதமுடியாமற்போன ஜேபிடி2 தன் ஜர்னலைக் கைவிடுகிறது. ஈற்றில் ஈஎக்ஸ்டி4, மேலும் கெடாதிருக்க, எழுதுவதை நிறுத்திக்கொள்கிறது. உங்கள் பதிவில் கடைசியாகக் கத்தியவர் ஈஎக்ஸ்டி4 என்பதற்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது.

ஏடிஏ என்று தொடங்கும் முதல் பிழை வரியைத் தேடி, தோல்வியடைந்த ஒவ்வொரு கட்டளையின் இறுதியிலும் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே மீடியா எரர் என்றும் அடுத்த வரியில் யுஎன்சி என்றும் இருந்தால் தட்டின் மேற்பரப்பில் பழுது. ஏடிஏ பஸ் எரர் என்றும் ஐசிஆர்சி என்றும் இருந்தால் தரவு கேபிளில் போகும் வழியில் சிதைகிறது. டைம்அவுட் என்று மட்டும் இருந்தால், வழக்கமான 30 விநாடிகள் காத்திருந்தும் வன்தட்டு பதில் சொல்லவில்லை என்பதற்கு மேல் அந்த வரியிலிருந்து ஒன்றும் தெரியாது. கூடவே, வன்தட்டு தன் நலம்பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்குகளில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் 5 (மாற்றப்பட்ட பழுதான பகுதிகள்), 197 (சந்தேகத்துக்குரிய பகுதிகள்), 199 (கேபிள் வழியில் நேர்ந்த பிழைகள்) ஆகிய மூன்று எண்களின் மதிப்புகளையும் இங்கே தாருங்கள். கர்னலைப் புதுப்பித்த நாளில் கணினியில் வேறேதாவது செய்தீர்களா?

வழுத்தேடி எழுதியது:

கர்னலை அவ்வளவு விரைவில் விடுவிக்கவும் கூடாது. 2018 இன் இறுதியில் 4.19 கர்னலில் ஈஎக்ஸ்டி4 கோப்புகள் சிதைந்தபோது எல்லோரும் ஈஎக்ஸ்டி4 ஐத்தான் சந்தேகித்தார்கள். ஈற்றில் வழு பிளாக் அடுக்கில் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பிளாக்-எம்கியூ பகுதியில் அகப்பட்டது, 4.19.8 இல் திருத்தம் வந்தது. (அங்கேயும் ஈஎக்ஸ்டி4 பழியைச் சுமந்ததுதான் மிச்சம்.) சோதிப்பது எளிது: கணினி தொடங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் பழைய கர்னல் இன்னும் இருக்கும், அதில் தொடக்கி அதே கோப்புகளை நகலெடுங்கள். பிழை அங்கும் வந்தால் புதிய கர்னலைத் தேடிப் பயனில்லை.

உப்புவெளியான் எழுதியது:

பழைய கர்னலிலும் அதே பிழை வந்தது. முதல் வரிகளில் ஏடிஏ பஸ் எரர், ஐசிஆர்சி இரண்டும் இருக்கின்றன. பின்னர் கர்னல் தானாகவே இணைப்பு வேகத்தை 6 கிகாபிட்டிலிருந்து 3 க்கும், அதிலிருந்து 1.5 க்கும் குறைத்திருக்கிறது. எண் 5 உம் 197 உம் பூச்சியம். 199 இன் மதிப்பு 214. புதுப்பித்த நாளில் பெட்டியைத் திறந்து புளோவரால் தூசியும் ஊதினேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பின்னர் கேபிளைக் கழற்றியபோது முனையில் மங்கலான பச்சைப் படிவு தெரிந்தது. புதிய கேபிள் போட்டு 600 கிகாபைட் நகலெடுத்தேன். 199 இன்னும் 214 இலேயே நிற்கிறது. ஆனால் நேற்று இரவு வன்தட்டு மறுபடியும் ஒருமுறை மறைந்து வந்தது! இம்முறை ஐசிஆர்சி இல்லை. ஃபைரெடிசேஞ்ச் என்ற சொல்லும், கர்னல் இணைப்பை மீளத் தொடக்கியதைச் சொல்லும் ஹார்ட் ரீசெட் வரியும் மட்டுமே இருக்கின்றன.

குறுக்குத்தெரு எழுதியது:

தம்பி, அப்படியானால் உங்களிடம் இருந்தது இரண்டு பழுது, ஒன்று போய்விட்டது. நிலாவெளிப் பக்கம் நான் திருத்திய கணினிகளில் உப்புக்காற்று இணைப்பு முனைகளைப் பச்சை பிடிக்கச் செய்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன், ஆகவே கேபிளில் எனக்கு வியப்பில்லை. ஃபைரெடிசேஞ்ச் என்றால் மறுமுனை திடீரென்று இல்லாமற்போனது என்று பொருள். தரவு சிதையாமல் வன்தட்டே மறைந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். ஸ்மார்ட்டில் எண் 12, வன்தட்டு எத்தனை முறை மின் பெற்றுத் தொடங்கியது என்பதைக் கணக்கிடுகிறது. கணினியை நிறுத்தாமலே அது கூடினால் வழி தெளிவு.

உப்புவெளியான் எழுதியது:

கணினி ஐந்து நாட்கள் நிறுத்தப்படாமல் ஓடியது. எண் 12 மட்டும் 1481 இலிருந்து 1484 ஆகியிருந்தது. பவர் சப்ளையின் பழைய வகை மோலெக்ஸ் மின் வயரைச் சாட்டாவாக மாற்றும் சிறிய அடாப்டர் ஒன்றின் வழியே வன்தட்டுக்கு மின் போய்க்கொண்டிருந்தது. அதன் ஒரு முனை தளர்ந்து பழுப்பேறியிருந்தது, விரலால் அசைத்தபோதே தட்டு சுழலும் ஒலி நின்று மறுபடி எழுந்தது. அதை அகற்றிவிட்டு, பவர் சப்ளையிலேயே இருந்த சாட்டா முனையை நேரடியாகச் செருகினேன். நான்கு நாட்களாக ஒரு ரீசெட் வரியும் இல்லை. நகலைச் சரிபார்த்தபின், எதையும் எழுதாத முறையில் எஃப்எஸ்சிகேயை ஒருமுறை ஓட்டினேன். வெற்றுத் தொகுதிகளின் கணக்கு மட்டும் பிழைத்திருந்தது, இரண்டாம் ஓட்டத்தில் அதைத் திருத்த விட்டேன். எண் 199 பூச்சியத்துக்குத் திரும்பாது என்பதால், 214 என்றும் இன்றைய திகதியும் எழுதிய துண்டைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன்.