மொட்டை மாடியில கோலம், அம்மா பேர்ல சேனல்

குழு: நம்ம சொந்தங்கள்
சனிக்கிழமை

மாலை 6:10
பாப்பு அம்மா: எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். பாப்புவுக்கு 11 வயசு முடிஞ்சிருச்சு. சிக்குக் கோலம் நல்லாப் போடுறா. அதை வச்சு யூடியூப்லயும் இன்ஸ்டாலயும் சேனல் ஆரம்பிக்கணும்னு கேக்குறா. வேண்டாம்னு சொல்ல மனசில்ல, ஆனா சரியா ஆரம்பிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

6:18
எடிட்டர் அண்ணன்: சித்தி, முதல்ல கணக்கு. அவ பேர்ல தொடங்கவே வேண்டாம். ரெண்டு இடத்துலயும் சொந்தக் கணக்குக்கு 13 வயசு ஆகணும். பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டா இப்போதைக்கு ஓடும். அப்புறம் ஒரு நாள் வயசுக்கு ஆதாரம் கேட்டுக் கணக்கை முடக்குவாங்க. அதுவரைக்கும் போட்ட அத்தனை வீடியோவும் அதோட போயிடும்.

6:20
எடிட்டர் அண்ணன்: உங்க பேர்ல, உங்க உண்மையான பிறந்த தேதியில புதுசா ஒரு ஜிமெயில். அதுல சேனல். ரெண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுடுங்க. கூகுள் 10 மாற்றுக் குறியீடு கொடுக்கும், அதை பிரிண்ட் எடுத்து பீரோல வைங்க. போன்ல ஸ்கிரீன்ஷாட்டா வச்சா போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும். பாஸ்வேர்டு அவ விளையாடுற டேப்ல இருக்கக் கூடாது.

6:23
வக்கீல் சித்தி: அக்கா, இன்ஸ்டால குழந்தைக்காகக் கணக்கு வச்சா, "அம்மா நடத்தும் கணக்கு"ன்னு பயோல தெளிவா எழுதணும், அது அவங்க விதி. சேனல் பேர்ல பாப்புவோட முழுப் பேரு, பிறந்த வருஷம், ஊர் பேரு எதுவும் வேண்டாம். மூணும் சேர்ந்தா யார் வேணா தேடிக் கண்டுபிடிச்சிடலாம்.

6:24
எடிட்டர் அண்ணன்: முதல் ஆறு மாசம் யூடியூப் மட்டும் போதும்னு நினைக்கிறேன். இன்ஸ்டால சிக்கல் தனிச்செய்திப் பெட்டிதான். முகம் தெரியாதவங்க நேரா உள்ள வந்து பேசுவாங்க. யூடியூப்ல முக்கியமான வாசல் கமெண்ட்தான். அதையும் "பரிசீலனைக்கு நிறுத்து"ன்னு வச்சிட்டா நீங்க பாத்து விட்டாத்தான் வெளிய தெரியும்.

6:31
மதுரை அத்தை: வாசல்னு சொன்னதும் ஞாபகம் வருது. வாசல் கோலத்தைப் படம் எடுக்க வேண்டாம்மா. தெரு, எதிர்வீட்டு கேட், பைக் நம்பர், மின்சாரக் கம்பத்துல எழுதியிருக்கிற எண் எல்லாம் விழும். தினமும் காலையில 6 மணிக்கு ஒரே வாசல்ல ஒரு சின்னப் பொண்ணு தனியா உக்காந்திருக்கான்னு ஊருக்கே நேரம் சொன்ன மாதிரி ஆயிடும்.

6:32
வக்கீல் சித்தி: அண்ணி சொன்னதுதான் இதுல ரொம்ப முக்கியம். கோலம்ங்கறதே வாசல்ல போடுறது, அதனால இந்த ஆபத்து கண்ணுலயே படாது.

6:35
பாப்பு அம்மா: அப்ப மொட்டை மாடில எடுக்கலாமா அண்ணி?

6:37
மதுரை அத்தை: எடுக்கலாம். கைப்பிடிச் சுவருக்கு மேல தெரியற செல்போன் டவர், கோயில் கோபுரம், பள்ளிக்கூடக் கட்டடம் ஃபிரேம்ல வரக்கூடாது. நேர் மேலேர்ந்து தரையை மட்டும் எடுத்தா இந்தப் பிரச்சினையே இல்ல. யூனிஃபார்ம், ஐடி கார்டு கழுத்துல இருக்கும்போது எடுக்கவே வேண்டாம். சத்தத்தையும் கேட்டுப் பாருங்க. பள்ளி வேன்காரர் பேர் சொல்லிக் கூப்பிடுறது, கோயில் ஒலிபெருக்கியில ஊர் பேரோட அறிவிப்பு, எல்லாம் மைக்ல ஏறும். பேசாத வீடியோவா இருந்தா அசல் ஒலியை முழுசா எடுத்துட்டுப் பின்னால பாப்புவைப் பேச வச்சுச் சேர்த்துக்கலாம்.

6:41
எடிட்டர் அண்ணன்: ஆமா அத்தை. முகமே வேண்டாம் சித்தி. கோலத்துக்கு கை போதும், பாக்கறவங்களுக்கும் கைதான் வேணும். முகம் ஒரு தடவை வெளிய போச்சுன்னா திரும்ப வாங்க முடியாது. குழந்தைங்க படத்தை எடுத்து வேற மாதிரி மாத்திப் போடுறவங்க இருக்காங்க. அவ 18 ஆனப்புறம் முகத்தைக் காட்டணும்னா அவளே முடிவு பண்ணட்டும்.

6:49
பாப்பு அம்மா: சரி. எப்படி எடுக்கறது? டிரைபாட் ஒண்ணு இருக்கு.

6:58
எடிட்டர் அண்ணன்: பக்கவாட்டுல நீளுற கை ஒண்ணு வாங்கி அதுல மாட்டுங்க. போன் கனத்துல ஒரு பக்கமா சாயும், எதிர்க்கால்ல 1 லிட்டர் தண்ணி பாட்டிலைக் கட்டித் தொங்க விடுங்க. தரையிலேர்ந்து 4 அடி உயரத்துல போன் இருந்தா 2 அடிக் கோலம் வசதியா அடங்கும். அதுக்குக் கீழ இறக்குனா அவ குனியும்போது தலை குறுக்க வரும்.

7:02
எடிட்டர் அண்ணன்: வெளிச்சம்: காலையில 7லேர்ந்து 8:30, இல்ல சாயங்காலம் 4:30க்கு மேல, நிழல்ல. வெயில் அவ முதுகுப் பக்கம் இருந்தா அவ நிழலே கோலத்து மேல விழும், எதிர்ப்பக்கமா உக்கார வைங்க. அடுத்தது மாவு. தரையில காவி பூசியிருந்தா கருஞ்சிவப்பு. கேமரா அந்த இருட்டைப் பாத்து வெளிச்சத்தைக் கூட்டிடும், மாவு வெறும் வெள்ளைப் பட்டையா வெந்துபோகும். தரையில விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸைப் பூட்டுங்க. அப்புறம் வெளிச்சத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க, கோட்டுல மாவோட பொடிப் பொடியான தன்மை தெரியற இடத்துல நிறுத்துங்க.

7:04
எடிட்டர் அண்ணன்: வீட்டுக்குள்ள ட்யூப்லைட்ல எடுத்தா வீடியோல பட்டை பட்டையா ஓடும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். போன் வழக்கமா விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், ரெண்டும் ஒத்துப்போகாது. புரோ மோட்ல ஷட்டரை 50ல ஒண்ணா வைங்க, நின்னுடும். லென்ஸைத் துணியால துடைக்கறது, போனை விமான மோட்ல போடுறது, இது ரெண்டையும் பாப்பு வேலையா விட்டுடுங்க.

7:09
எடிட்டர் அண்ணன்: கோலம் போட பத்து நிமிஷம் ஆனா வீடியோ 50 விநாடி போதும். முடிஞ்ச கோலம் முதல் ஒரு விநாடில தெரியணும். அடுத்தது புள்ளி. "7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை"ன்னு திரையிலேயே எழுதுங்க. பாத்துப் போடப் போறவங்களுக்கு அதுதான் வேணும், அது இல்லாததாலயே நிறைய கோல வீடியோவைப் பாதில விட்டுடறாங்க. நேர் இழைகளை வேகமாக்கலாம். புள்ளியைச் சுத்தித் திரும்புற இடம் வந்தா சாதா வேகத்துக்கு வந்துடணும். எடிட்டிங்குக்கு யூடியூப் கிரியேட் செயலி இலவசம்.

7:11
பாப்பு அம்மா: சினிமாப் பாட்டு போடலாமா? அவளுக்கு அது ரொம்ப ஆசை.

7:15
எடிட்டர் அண்ணன்: ஷார்ட்ஸ், அதாவது யூடியூப்போட குட்டி வீடியோ, அது உள்ளயே இருக்கிற பாட்டு நூலகத்துலேர்ந்து எடுத்தா சரி. வெளியேர்ந்து சேர்த்தா பாட்டுக்காரங்க உரிமை கோருவாங்க, வருமானம் அவங்களுக்குப் போகும். ஷார்ட்ஸ் இப்ப 3 நிமிஷம் வரைக்கும் போடலாம். ஆனா 1 நிமிஷத்துக்கு மேல போற ஷார்ட்ஸ்ல உரிமைக் கோரல் வந்தா வீடியோவே எல்லா நாட்டுலயும் தடையாயிடும். கோலத்துக்கு அவளே வரிசை சொல்லிக்கிட்டே போறதுதான் நல்லாருக்கும்.

7:16
எடிட்டர் அண்ணன்: ஏத்தும்போது "குழந்தைகளுக்கானதா?"ன்னு கேக்கும். போடுறது குழந்தைங்கறதால உடனே ஆமான்னு அழுத்த வேண்டாம். யாருக்காகப் போடுறோம்ங்கறதுதான் பெரிய கேள்வி. கோலம் கத்துக்கிற பெரியவங்களுக்குன்னா "இல்லை". பொம்மை, கார்ட்டூன், சின்னப் பிள்ளைப் பாட்டுன்னு போனா "ஆமா"தான், அப்ப கமெண்ட் கிடையாது, ஆளைப் பாத்து வர்ற விளம்பரமும் கிடையாது. வருமானமும் குறையும். அதுக்குப் பயந்து பொய்யா "இல்லை"ன்னு போட்டா யூடியூபே மாத்திடும்.

7:30
தாத்தா: மாசம் எவ்வளவு வரும்?

7:38
ஆடிட்டர் மாமா: அப்பா, முதல் வருஷம் ஒண்ணும் வராதுன்னே வச்சுக்குங்க. விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சப்ஸ்கிரைபர் வேணும். கூடவே 12 மாசத்துல 4000 மணி நேரப் பார்வை, இல்லன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ்ல 1 கோடிப் பார்வை. அதுக்கப்புறம் நீள வீடியோன்னா விளம்பர வருமானத்துல 55 சதவீதம், ஷார்ட்ஸ்னா சேனலுக்கு ஒதுக்குற தொகையில 45 சதவீதம். கணக்குல 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு வரும். அந்தப் பணம் வர்ற கூகுள் ஆட்சென்ஸ் கணக்குக்கு 18 வயசு ஆகணும், அதுவும் தங்கச்சி பேர்லதான்.

7:42
ஆடிட்டர் மாமா: அமெரிக்க வரிப் படிவம் ஒண்ணு கேப்பாங்க, டபிள்யூ-8 பென். பான் நம்பர் போட்டு நிரப்பிட்டா அமெரிக்காவிலேர்ந்து பாக்கறவங்க மூலம் வர்றதுல மட்டும் 15 சதவீதம் பிடிப்பாங்க. நிரப்பாம விட்டா உலகம் பூரா வர்ற மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரைக்கும் போகும். இங்க வெளிநாட்டு உறவுக்காரங்கதான் நிறையப் பாப்பாங்க, அதனால இதை விட்டுடாதே.

7:43
பாப்பு அம்மா: வரி யாருக்கு அண்ணா, எனக்கா பாப்புவுக்கா?

7:51
ஆடிட்டர் மாமா: பொதுவா மைனர் வருமானத்தை அப்பா அம்மாவுல யாருக்கு அதிகமோ அவங்களோட சேர்ப்பாங்க. பிள்ளையோட சொந்தத் திறமையால வந்த சம்பாத்தியத்துக்கு விலக்கு உண்டு. வருமான வரிச் சட்டத்துலயே இது இருக்கு. அப்படி அவ பேர்ல நேரா வந்தா அவளுக்கே தனி பான், தனி ரிட்டர்ன். யூடியூப் பணம் உன் கணக்குக்கு வர்றதால உன் வருமானமாக் காட்டறதுதான் சுலபம். காட்டாம மட்டும் விட்டுடாதே.

7:52
மதுரை அத்தை: செல்வமகள் திட்டத்துல போட்டா என்ன?

7:54
ஆடிட்டர் மாமா: 10 வயசுக்குள்ள கணக்கு தொடங்கியிருந்தா வருஷத்துக்கு 1.5 லட்சம் வரைக்கும் போடலாம். இப்ப புதுசா தொடங்க முடியாது. அவ பேர்ல எஃப்டி போடுங்க.

8:03
வக்கீல் சித்தி: அவ பேர்ல எவ்வளவு போடணும்ங்கறதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. சினிமா, சீரியல்ல 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க நடிக்கறதுக்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட விதிகள்ல, வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் அரசு வங்கில பிள்ளை பேர்ல எஃப்டியாப் போகணும்னு இருக்கு. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம கூடாது. இது வெளி தயாரிப்புக்காக எழுதுனது. சொந்த வீட்டுல நாம அதைவிடக் கண்டிப்பா இருக்கணும். வாரத்துக்கு 2 மணி நேரம், பணம் வந்தா பாதி அவளுக்கு. இதைப் பேப்பர்ல எழுதி அவளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க அக்கா.

8:09
வக்கீல் சித்தி: கொஞ்சம் பேர் வந்ததும் பிராண்டுக்காரங்க வருவாங்க. பாப்பு பேர்ல ஒப்பந்தம் செல்லாது, மைனர் ஒப்பந்தம் செல்லவே செல்லாதுன்னு 1903லயே தீர்ப்பு இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போடணும், அதனால பொறுப்பும் உங்க தலைலதான். வீடியோவை எத்தனை மாசம் அவங்க பயன்படுத்தலாம், அதையே விளம்பரமா ஓட்டலாமா, இந்த ரெண்டையும் தேடிப் படிங்க. "எக்காலத்துக்கும்"னு இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. 3 மாசம் நியாயம்.

8:12
வக்கீல் சித்தி: காசு வாங்காம பொருள் மட்டும் வாங்கினாலும் அது விளம்பரம்தான். "விளம்பரம்"னு வீடியோ மேலயே தெரியணும், விளக்கத்துல கடைசி வரில ஒளிச்சு வைக்கக் கூடாது. தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும், திரும்பப் பண்ணா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போடற அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கு.

8:14
ஆடிட்டர் மாமா: இலவசப் பொருளோட மதிப்பு ஒரே கம்பெனிகிட்டேர்ந்து வருஷத்துல 20,000 ரூபாயைத் தாண்டினா 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வரி. படம் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டா கணக்குல வராது.

8:20
மதுரை அத்தை: இந்த வயசுப் பெண் பிள்ளைங்களுக்கு முகக் கிரீம், சீரம்னு அனுப்புவாங்க. ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் இருக்கறதெல்லாம் 11 வயசுத் தோலுக்கானது இல்ல. யார் கேட்டாலும் வேண்டாம். கோலமாவு, வண்ணப்பொடி, காவின்னு அவ கையில தினம் புழங்குற பொருளா இருந்தா மட்டும் யோசிங்க.

8:24
எடிட்டர் அண்ணன்: பிராண்டு மெயில்ல பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல் வந்தா திறக்காதீங்க சித்தி. "ஒப்பந்தம் உள்ள இருக்கு"ன்னு சொல்லுவாங்க. கம்ப்யூட்டர்ல திறந்தா நீங்க உள்நுழைஞ்சிருக்கிற நிலையையே திருடிடும், ரெண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தும் சேனல் போயிடும். "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்துல இந்த லிங்க்ல போ"ன்னு வர்ற மெசேஜும் அதே ரகம். பணம் கட்டிப் பதிவு பண்ணச் சொல்ற எந்த "ஆடிஷனும்" வேண்டாம்.

8:27
பாப்பு அம்மா: கெட்ட கமெண்ட் வந்தா? அவ ரொம்பத் தாங்க மாட்டா.

8:39
மதுரை அத்தை: அதனாலதான் சேனலை நிர்வகிக்கிற யூடியூப் ஸ்டுடியோ செயலி உங்க போன்ல மட்டும் இருக்கணும். கமெண்ட்டை நீங்க முதல்ல படிங்க. கோலத்தைப் பத்திக் குறை சொன்னா, "இந்த இழை மூடல"ன்னு சொன்னா, அதை அவளுக்குக் காட்டணும், அது பாடம். உருவம், நிறம் பத்திச் சொன்னா அழிச்சிடுங்க. "முகத்தைக் காட்டு", "எந்த ஸ்கூல்", "நம்பர் கொடு"ன்னு கேட்டா பதில் போடாம ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு, புகார் கொடுத்து, தடுத்துடுங்க. மிரட்டல், படம் மாத்திப் போடுறதுன்னு போனா அழிக்காம ஆதாரத்தோட சைபர் குற்ற உதவி எண் 1930க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அன்னைக்கே கூப்பிடுங்க. "உன் மேல தப்பில்ல, போனைப் பிடுங்க மாட்டேன்"னு அவகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. போன் போயிடும்ங்கற பயத்துலதான் பிள்ளைங்க மறைக்கிறாங்க.

8:44
மதுரை அத்தை: எண்ணிக்கையை வாரத்துல ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்ந்து பாருங்க. சப்ஸ்கிரைபரை விட, எந்த விநாடில ஆளுங்க விட்டுட்டுப் போறாங்கன்னு காட்டுற வரைபடம் அவளுக்கு உதவும். அங்க என்ன இருந்துச்சுன்னு தேடச் சொல்லுங்க. "இதை எடுத்துடும்மா"ன்னு அவ சொன்னா எத்தனை பேர் பாத்திருந்தாலும் அன்னைக்கே எடுத்துடணும், ஏன்னு கேக்கக் கூடாது. பரீட்சைக்கு முன்னாடியே நாலு வீடியோ எடுத்துத் தேதி போட்டு வச்சிடுங்க.

8:47
பாப்பு அம்மா: நேரலை போகணும்னு கேப்பா.

8:48
எடிட்டர் அண்ணன்: இல்ல சித்தி. யூடியூப்ல தனியா நேரலைக்கு 2025 ஜூலைலேர்ந்து 16 வயசு. அதுவும் நேரலைல தெருவோ பேரோ விழுந்தா வெட்டி எடுக்க முடியாது.

8:55
பாப்பு அம்மா: நாளைக்கு காலையில மாடில ஒண்ணு எடுத்துப் பாக்குறோம். தம்பி, உடனே போடவா?

8:58
எடிட்டர் அண்ணன்: உடனே வேண்டாம். நாலு வீடியோ சேரட்டும். ஒவ்வொண்ணையும் "பட்டியலிடப்படாதது"ன்னு, அதாவது லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி வச்சு லிங்கை இங்க போடுங்க. அத்தை சத்தத்தைக் கேக்கட்டும், வக்கீல் சித்தி ஃபிரேம் ஓரத்தைப் பாக்கட்டும். நான் மாவோட வெளிச்சத்தைப் பாக்குறேன்.

9:02
தாத்தா: புள்ளி எண்ணிக்கையை நான் சரிபாக்குறேன். பாப்பு 7க்கு 4 போடும்போது கடைசி வரிசையில ஒரு புள்ளி விட்டுடறா.