வேலை முடிந்ததும் ராத்திரியே கிளம்புவதா, தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதா?

வழிப்போக்கன்:
பெருநகரத்தில் சில நாள் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு என் யோசனை: கடைசி நாள் வேலை முடிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் காரை எடுத்துவிடுங்கள். சாலை காலியாக இருக்கும், ஒரு நாள் அறை வாடகை மிச்சம், விடியும்போது வீட்டில் இருக்கலாம். காலை வரை காத்திருந்தால் நகர எல்லையைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

பூங்கொடி:
மிச்சக் கணக்கெல்லாம் சரி, ஓட்டுபவரின் கணக்கு எங்கே? காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால், 17 மணி நேரம் கண் விழித்தவர் அவர். அந்த நிலையில் ஒருவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு சொன்னது. பல நாடுகளில் அதுதான் சட்டம் அனுமதிக்கும் எல்லை. அதன் பிறகுதான் நீங்கள் கிளம்பவே போகிறீர்கள்!

வழிப்போக்கன்:
ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்தால் தூக்கம் பறந்துவிடும். எத்தனை வருடமாக ஓட்டுகிறேன் தெரியுமா?

பூங்கொடி:
அனுபவத்துக்குத் தூக்கம் அடங்காது நண்பரே. காற்றும் பாட்டும் சில நிமிடம்தான் தாங்கும். 100 கி.மீ. வேகத்தில் போகும்போது 4 விநாடி கண் அசந்தால், கார் 110 மீட்டருக்கு மேல் தானாக ஓடியிருக்கும். பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரம். உங்கள் காலிச் சாலை அப்போதுதானே வருகிறது?

சக்கரம்:
நான் வழிப்போக்கன் பக்கம்தான், ஆனால் ரயிலிலோ பேருந்திலோ போகிறவர்களுக்கு மட்டும். வேறொருவர் ஓட்ட, நாம் படுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, புது இடத்தில் முதல் ராத்திரி பலருக்குச் சரியாகத் தூக்கம் வராது. மூளையின் ஒரு பாதி காவல் காப்பதுபோல விழிப்பாக இருப்பதை 2016-இல் கண்டறிந்தார்கள். அதனால் அறையில் தங்கினால் மட்டும் நல்ல தூக்கம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பூங்கொடி:
அது முதல் ராத்திரிக்கு. இவர் சில நாள் தங்கிய அதே அறையில் அல்லவா படுக்கப் போகிறார்! புது இடம் என்றால் ரயில் பெட்டிதான். இன்னொன்று, காலை நெரிசலில் பெரும்பகுதி நகரத்துக்குள் வருகிற பக்கம். வெளியே போகிறவர் விடிந்ததும் கிளம்பினால் அவ்வளவு சிரமம் இல்லை.

வழிப்போக்கன்:
விடிந்ததும் கிளம்பு என்று சொல்வது சுலபம். பெட்டி கட்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்து, கணக்கு முடித்து இறங்கவே வெயில் ஏறிவிடும்.

பூங்கொடி:
அதையெல்லாம் முந்தின ராத்திரியே முடித்துவிடுங்கள். அப்புறம், ராத்திரிதான் என்று பிடிவாதமாக இருந்தால், கண் சொருகும்போது வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது காபி வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

வழிப்போக்கன்:
காபி யோசனையை எடுத்துக்கொள்கிறேன். கிளம்புவது ராத்திரிதான்.

சக்கரம்:
அப்படியானால், ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் பகலிலேயே தூங்கியிருக்க வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.