மின்சார குக்கரில் தண்ணீர்க் கணக்கு: சோறு குழைகிறது, குருமா அடிப்பிடிக்கிறது

கேட்டவர்: தாராபுரத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் அமெரிக்காவில் பிளேனோவுக்குக் குடிவந்தோம். அபார்ட்மெண்டில் கம்பிச்சுருள் சூடாகிற மின்சார 'காயில்' அடுப்புதான். ஊரிலிருந்து கொண்டுவந்த 5 லிட்டர் குக்கரை அதில் ஏற்றினால் முதல் விசிலுக்குள் பசி அடங்கிவிடும். அதனால் 6 குவார்ட் மின்சார பிரஷர் குக்கர் ஒன்று வாங்கினோம்.

ஊர்க் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரு டம்ளர் புழுங்கலரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், நாலு விசில், முடிந்தது. இதிலும் அதே அளவு ஊற்றினால் சோறு என்றும் சொல்ல முடியாமல் கஞ்சி என்றும் சொல்ல முடியாமல் ஒன்று வருகிறது. சரி, இந்த மெஷினுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் போல என்று வெஜிடபிள் குருமாவுக்குக் குறைத்து ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் 'பர்ன்' என்று எழுத்து ஓடி நின்றுவிடுகிறது. திறந்து பார்த்தால் மேலே தண்ணீர் நிற்கிறது, அடியில் தேங்காய் விழுது கறுத்துப்போய் ஒட்டியிருக்கிறது. மேலே தண்ணீர் இருக்கும்போது அடி எப்படிப் பிடிக்கும்?

கூட வந்த புத்தகத்தில் குறைந்தபட்சம் ஒன்றரை கப் தண்ணீர் என்று போட்டிருக்கிறது. எந்தக் கப்? குக்கரோடு கொடுத்த பிளாஸ்டிக் கப்பா? ஒரு கப் அரிசிக்கும் ஒன்றரைதான், நாலு கப்புக்கும் ஒன்றரைதானா? வீட்டுக்காரர் தினம் ஒரு வீடியோ பார்த்துவிட்டு தினம் ஒரு கணக்கு சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: ஒருவிரல்கணு

இதற்கெல்லாம் எதற்குக் கப்பும் கணக்கும்? அரிசியைக் கழுவிப் போட்டு, மேலே விரலை வைத்து ஒரு கணு அளவு தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றுங்கள். எங்கள் அம்மா, அம்மாச்சி எல்லாம் அப்படித்தான். ஒருநாளும் தப்பியதில்லை.

பதில்: பாய்லர் தாத்தா

அம்மா தாராபுரத்துக்காரி, நான் சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது டென்வரில் மகள் வீட்டு வாசம். பகலில் சமையல்கட்டு என் கையில். ஷிப்டுக்கு ஷிப்டு நீர்மட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் என்பதால் உன் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும். பொறுத்துக்கொள்.

ஊர்க் குக்கரில் நீ ஊற்றிய மூன்று டம்ளரையும் அரிசி குடிக்கவில்லை. ஒரு பங்கு விசிலோடு வெளியே போனது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும், அதிகப்படியானதை வெயிட் தூக்கி வெளியே விடும். மின்சார குக்கரில் அந்தக் கதையே இல்லை. மூடியில் இருக்கிற சின்ன பின் மேலே எழும்பி அடைத்துக்கொண்டதும் உள்ளே போனது உள்ளேயே. அழுத்தம் போதுமான அளவு வந்ததும் கரண்டைத் தானே நிறுத்திக்கொள்ளும், குறைந்தால் மறுபடி போட்டுக்கொள்ளும். விசிலுக்கென்று ஊற்றிய தண்ணீருக்குப் போக வழியில்லை, அதையும் அரிசியே குடிக்கிறது. உன் சோறு குழைந்தது அதனால்தான்.

அப்படியானால் ஆவிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? உன் குக்கர் 6 குவார்ட், அதாவது 5.7 லிட்டர். உள்ளே 4 லிட்டர் காலியிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள். இந்த வகைக் குக்கர்கள் 115 முதல் 118 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் நீராவியின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். ஆக, குக்கர் முழுக்க ஆவி நிரம்ப 4 கிராம் தண்ணீர். ஒரு தேக்கரண்டிகூட இல்லை!

பின்னே எதற்கு ஒன்றரை கப் கேட்கிறான்? இரண்டு காரணம். பின் எழும்பும் வரை உள்ளே இருக்கிற காற்றைத் தள்ளிக்கொண்டு ஆவி வெளியே போகும், அந்த நஷ்டத்துக்குக் கொஞ்சம். அதைவிட முக்கியம், கடைசி நிமிடம் வரை அடித்தகடு நனைந்தே இருக்க வேண்டும். பாய்லரிலும் அதேதான். நீர்மட்டம் இறங்கி ட்யூப் காய்ந்தால் அன்றைக்கு ஆலையில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

இப்போது கப். இன்ஸ்டன்ட் பாட் என்கிற கம்பெனிக் குக்கரின் கையேட்டில் 3 குவார்ட்டுக்கு 250 மில்லி, 6 குவார்ட்டுக்கு 375, 8 குவார்ட்டுக்கு 500 என்று இருக்கும். மற்றவர்கள் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம், உன் புத்தகத்தில் மில்லி கணக்கு இருந்தால் அதையே எடுத்துக்கொள். கூட வருகிற பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அது ஜப்பான்காரர்கள் அரிசி அளக்கிற 'கோ' என்ற அளவு, நம் ஆழாக்குக்குப் பக்கத்தில் வரும். அதில் ஒன்றரை ஊற்றினால் 270 மில்லிதான் ஆகிறது. 375 வேண்டுமென்றால் அந்தக் கப்பில் இரண்டுக்கு மேலே கொஞ்சம் வேண்டும். அரிசிக்கு எந்தக் கப் என்றாலும் பரவாயில்லை, அரிசியையும் தண்ணீரையும் ஒரே கப்பில் அளந்தால் சரி.

அரிசிக்கு என் கணக்கு இது. அரிசி குடிக்கிற தண்ணீர் ஒன்று, பாத்திரம் தின்கிற தண்ணீர் இன்னொன்று. முன்னது அரிசி கூடினால் கூடும், பின்னது எவ்வளவு அரிசி போட்டாலும் கிட்டத்தட்ட அதே கால் கப். புழுங்கல் பொன்னிக்குக் கப்புக்கு ஒன்றேமுக்கால் வைத்துக்கொண்டால், ஒரு கப் அரிசிக்கு மொத்தம் இரண்டு கப் தண்ணீர். மூன்று கப் அரிசிக்கு ஐந்தரை, ஆறு இல்லை. விருந்தாளி வந்தால் மட்டும் சோறு குழைகிறது என்று பலர் புலம்புவது இந்த அரை கப்பால்தான். ஊறவைத்து வடித்த பாஸ்மதிக்குக் கப்புக்கு ஒன்று. பச்சரிசி சோனா மசூரிக்கு ஒன்றேகால், குழைவாக வேண்டுமென்றால் ஒன்றரை. புது அரிசியாக இருந்தால் இதிலும் ஒரு கை குறை. நேரம் புழுங்கலுக்கு 10 முதல் 12 நிமிடம், பச்சரிசிக்கு 5 அல்லது 6. அப்புறம் 10 நிமிடம் கை வைக்காமல் விடு.

ஒருவிரல்கணு சொன்னதில் உள்ள சூட்சுமமும் இதுதான் தம்பி. அரிசி எவ்வளவானாலும் மேலே நிற்கிற தண்ணீர் ஒரே அளவு என்கிறார்கள் பாருங்கள், அது பாத்திரம் தின்கிற கணக்கு. அம்மாச்சிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் அளந்தது வாய் குறுகிய பானையில், ஆவி தாராளமாகப் போகிற அடுப்பில். இந்தக் குக்கரின் உள்பாத்திரம் சுமார் 22 செண்டிமீட்டர் அகலம். இரண்டரை செண்டிமீட்டர் கணு என்றால் அரிசிக்கு மேலே மட்டும் 950 மில்லி நிற்கும். ஒரு கப் அரிசிக்கு அது கஞ்சித்தொட்டி.

குருமாவுக்கு வருகிறேன். ஊர்க் குக்கரில் விசில் அடிக்கும்போதெல்லாம் உள்ளே கொதித்துப் புரளும், யாரும் கரண்டி போடாமலேயே கிண்டியது மாதிரி ஆகும். இதில் அழுத்தம் வந்ததும் உள்ளே அமைதியாகிவிடும், கொதி அடங்கிவிடும். தேங்காய் விழுது, முந்திரி விழுது, தக்காளி விழுது எல்லாம் அடியில் போய்ப் படுத்தால் அவ்வளவுதான், மேலே இருக்கிற தண்ணீர் தகட்டைத் தொடவே முடியாது. தண்ணீர் படுகிற தகடு 120 டிகிரியைத் தாண்டாது. விழுது மூடிய இடம் தாண்டும். அடியில் இருக்கிற சென்சாருக்கு அந்தச் சூடு மட்டும்தான் தெரியும், மேலே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாது.

அதனால் தண்ணீரின் அளவைவிட அது இருக்கிற இடம் முக்கியம். வெங்காயம், மசாலா வதக்கியதும் வதக்கும் பட்டனை நிறுத்திவிட்டு ஒன்றரை கப் வெந்நீரை ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டு. கரண்டி எங்கேயும் தட்டாமல் வழுக்க வேண்டும், அதுவரை விடாதே. பிறகு காய்கள். தக்காளி எல்லாவற்றுக்கும் மேலே, கிண்டாமல். தேங்காய் விழுதைத் திறந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், வதக்கும் பட்டனில் நாலு கொதி விட்டு இறக்கு. காய்களே தண்ணீர் விடுமே என்று கேட்பாய். விடும், தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு தண்ணீர்தான். ஆனால் அது வெந்த பிறகு வருகிற தண்ணீர், அடி காய்வது அதற்கு முன்னால். முதலில் முழு அளவு ஊற்று, கடைசியில் நீர்த்திருந்தால் மூடியில்லாமல் கொதிக்கவிட்டு வற்றவை. எண்ணெய், நெய் இரண்டையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதே, அவற்றிலிருந்து ஆவி வராது. தயிர், தேங்காய்ப்பாலையும் கணக்கில் சேர்க்காதே, அவை திரிந்துபோகும், பின்னால் சேர்.

பயந்துகொண்டு அதிகமாக ஊற்றுவதும் நல்லதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக 1000 வாட்ஸ் ஹீட்டருக்குக் குறைந்தது ஐந்தேகால் நிமிடம் வேண்டும். அந்த நேரமெல்லாம் பீன்ஸ் சும்மா இருக்குமா? கடிகாரம் ஓடத் தொடங்குவதற்குள் பாதி வெந்துவிடும்.

பதில்: ஈயச்சொம்பு

தாத்தா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கப், ஒன்றரை கப் அரிசிக்கெல்லாம் நான் உள்பாத்திரத்தில் நேரடியாகச் சோறு வைப்பதில்லை. கீழே ஒரு கப் துவரம்பருப்பு, மூன்று கப் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் எண்ணெய் (நுரை கட்டாமல் இருக்க). அதன்மேல் ஸ்டாண்டு. ஸ்டாண்டின்மேல் எவர்சில்வர் கிண்ணத்தில் புழுங்கலரிசியும் அதற்கான தண்ணீரும். இரண்டுக்கும் 12 நிமிடம். ஆவிக்கு வேண்டியது பருப்புத் தண்ணீரிலிருந்து போகிறது, சோற்றுக் கிண்ணத்தில் ஊற்றியது அப்படியே சோற்றுக்கு.

ஆனால் கிண்ணத்தைத் தட்டு போட்டு மூடுங்கள். மூடியில் படிகிற ஆவி சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து மேல்சோறு மட்டும் சொதசொதவென்று ஆகும். பச்சரிசிக்கு இந்த ஜோடி ஒத்துவராது, பருப்பு வேகும்போது அரிசி களியாகிவிடும்.

கேட்டவர்: தாராபுரத்துக்காரி

தாத்தா, ரொம்ப நன்றிங்க. நேற்று இரண்டு கப் பொன்னிக்கு உங்கள் கணக்குப்படி மூன்றேமுக்கால் ஊற்றினேன். பொலபொலவென்று வந்தது. வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் குழைய வேண்டுமாம், அவருக்கு ரசத்தைக் கூட ஊற்றிக் கொடுத்துவிட்டேன். குருமா நீர்க்கத்தான் இருந்தது, ஆனால் 'பர்ன்' வரவில்லை. தேங்காய் சேர்த்துக் கொதித்ததும் கெட்டியாகிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். சில நாள் மூடியின் ஓரத்திலிருந்து புகைந்துகொண்டே இருக்கிறது, கால் மணி ஆனாலும் பின் எழும்புவதில்லை. அதற்கும் தண்ணீர் குறைவுதான் காரணமா? அப்புறம் வெண்பொங்கலுக்கு எவ்வளவு?

ஈயச்சொம்பு அக்கா, அடுக்கு முறையை ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன்.

பதில்: பாய்லர் தாத்தா

ஓரத்தில் புகைந்தால் தண்ணீரைப் பார்க்காதே, ரப்பரைப் பார். மூடிக்குள் இருக்கிற சிலிகான் ரப்பர் கம்பி வளையத்துக்குள் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்க வேண்டும். கழுவி மாட்டியதும் விரலால் ஒரு சுற்றுத் தள்ளிப் பார், எங்கேயாவது தூக்கியிருந்தால் தெரியும். பருக்கை ஒன்று ஒட்டியிருந்தாலும் போதும். அப்படி ஒழுகிக்கொண்டே இருந்தால் நீ ஊற்றிய கணக்கெல்லாம் காற்றில் போய், கடைசியில் 'பர்ன்' வரும். அந்த நேரத்தில் இன்னொரு கப் தண்ணீர் ஊற்றி என்ன பயன், அதுவும் அந்த ஓட்டை வழியாகத்தான் போகும். ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றிவிடு, ஒன்றரை வருடத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது. பாயசத்துக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள், சாம்பார் வாசனை அதிலிருந்து போகவே போகாது.

வெண்பொங்கலுக்கு ஒரு கப் பச்சரிசி, அரை கப் பாசிப்பருப்பு, ஆறு கப் தண்ணீர். இங்கே குழைவதுதான் நமக்கு வேண்டும், அதனால் தாராளமாக ஊற்றலாம். எச்சரிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. சோறு, பருப்பு மாதிரி உப்பி நுரைக்கிற எதுவும் பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது, மற்றவை மூன்றில் இரண்டு பங்கு வரை. மேலே சொன்ன அளவு உன் குக்கரில் பாதியைத் தொடாது, இரட்டிப்பாக்கினால் தாண்டிவிடும். 12 நிமிடம் வை. டென்வர் மாதிரி 5,280 அடி உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் நான் 14 வைக்கிறேன், பிளேனோவில் உனக்கு அது வேண்டாம். தண்ணீர் இரண்டு ஊரிலும் அதேதான்.

முடிந்ததும் உடனே ஆவியைத் திறந்துவிடாதே. கஞ்சி ஆவியோடு சேர்ந்து துவாரம் வழியாகப் பீய்ச்சி அடிக்கும், மேல் அலமாரி வரை துடைக்க வேண்டியிருக்கும். கால் மணி நேரம் விட்டால் பின் தானாக இறங்கும். அதற்குள் மிளகு, சீரகம், முந்திரியை நெய்யில் தாளித்து வைத்துக்கொள்.