டயல் போனில் 3 சுற்றினால் 5 என்கிறது, என்ன செய்யலாம்?

கும்பகோணத்தான்:
அப்பாவின் ஜவுளிக்கடையில் இருந்த கறுப்பு டயல் போன் பரணில் கிடந்தது. அம்மாவுக்கு 78 வயது. டச் போனில் விரல் வைத்தால் எங்கேயோ போய்விடுகிறது என்று தொடவே மாட்டார். இந்த டயலைக் கொடுத்தால் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார். அதனால் ஒரு யோசனை. 1 சுற்றினால் பேத்தி பேசியது, 2 சுற்றினால் தம்பி பேசியது, 3 சுற்றினால் பழைய கேசட்டில் அப்பா பாடியது, ரிசீவரில் கேட்க வேண்டும். உள்ளே ஆர்டுயினோ நானோவும் (புரோகிராம் ஓடும் குட்டிப் போர்டு) டிஎஃப்பிளேயர் மினியும் (மெமரி கார்டிலிருந்து ஒலி போடும் குட்டிப் போர்டு) வைத்தேன்.

1 சரியாக வருகிறது. 3 சுற்றினால் சில சமயம் 4, சில சமயம் 5. புரோகிராமில் 50 மில்லிசெகண்ட் டிலே போட்டால் எண்ணிக்கை இன்னும் தாறுமாறு. டயலைக் கழற்றிவிட்டு உள்ளே புஷ் பட்டன் வைத்துவிடலாமா?

சாலிடர்புகை:
கழற்றாதீர்கள், நான் பட்டிருக்கிறேன். பழைய டிவி கேம் ஜாய்ஸ்டிக்கைக் கம்ப்யூட்டரில் மாட்ட ஆசைப்பட்டு, போர்டைப் பிய்த்து எட்டு பட்டனுக்கும் எட்டு ஒயர் சாலிடர் வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பழைய நின்டெண்டோ கைப்பிடிகளில் 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப் எட்டு பட்டனையும் வரிசையாக ஒரே ஒயரில் அனுப்பிவிடும். கரண்ட் ஒயர் போக, லாட்ச், கிளாக், டேட்டா என்று மூன்று ஒயர் போதும். என்னுடையது நகல்தான், ஆனாலும் அதே முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்.

பழையலைன்மேன்:
தம்பி, கோளாறு டயலில் இல்லை, எண்ணும் விதத்தில். டயல் திரும்பும்போது நொடிக்கு 10 துடிப்பு. ஒரு துடிப்பில் டயலுக்குள் இருக்கும் தொடர்பு முனைகள் 60 முதல் 67 மில்லிசெகண்ட் வரை திறந்திருக்கும், மிச்ச நேரம் மூடியிருக்கும். திறந்து மூடும்போது முனைகள் ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலையும் நானோ எண்ணிவிடுகிறது. 50 வைத்தால் மூடியிருக்கும் நேரத்தையே தாண்டிப் போய்விடுவீர்கள். ஒருமுறை நிலை மாறினால் அடுத்த 20 மில்லிசெகண்டுக்கு எதையும் கண்டுகொள்ளாதீர்கள், போதும்.

பெரும்பாலான டயல்களில் இன்னொரு ஜோடி முனையும் உண்டு. மல்டிமீட்டரை பீப்பில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பேசாமல், விரல் வைத்துச் சுழற்றியதும் பீப் அடிப்பது அதுதான். அது மறுபடி திறந்தால் எண் முடிந்தது என்று அர்த்தம், நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 10 துடிப்பு வந்தால் 0. (நியூசிலாந்தில் தலைகீழ், அங்கே 1 சுற்றினால் 9 துடிப்பு!)

முனைகளுக்கு நடுவே வெள்ளைத்தாள் துண்டை விட்டு இழுங்கள், கறுப்பு வரும். உப்புத்தாள் போடாதீர்கள்.

சாலிடர்புகை:
டிஎஃப்பிளேயரின் ஸ்பீக்கர் பின் இரண்டில் எதையும் கிரவுண்டில் சேர்க்காதீர்கள், ரிசீவருக்கு நேராக இரண்டு ஒயர். நானோவின் கட்டளை வந்து சேரும் ஆர்எக்ஸ் பின்னில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் இரைச்சல் குறையும்.

கும்பகோணத்தான்:
20 போட்டேன், தாளும் இழுத்தேன். ஐம்பது தடவை சுற்றிப் பார்த்தேன், ஒருமுறைகூடத் தப்பவில்லை. நன்றி சார். அம்மாவிடம் கொடுத்தேன். நான் சொல்லாமலே 3 சுற்றினார். பாட்டு முடியும்வரை ரிசீவரை வைக்கவில்லை. வைத்துவிட்டு, "மணி அடிக்காதாடா?" என்று கேட்டார். அதற்கு வழி உண்டா?

பழையலைன்மேன்:
உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து மணிக்கு வந்தது சுமார் 75 வோல்ட் ஏசி, நொடிக்கு 25 சுற்று. வீட்டுக் கரண்டை நேரே கொடுத்துவிடாதீர்கள், 230 வோல்ட், ஆளையே அடிக்கும். வோல்ட்டைக் கூட்டும் பூஸ்ட் மாட்யூலில் 35, 40 வோல்ட் எடுத்து, ஒரு எச் பிரிட்ஜ் (கரண்டின் திசையை மாற்றும் சர்க்யூட்) வழியாக நொடிக்கு 50 முறை, அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, திசை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். முழுச் சத்தம் வராது. கடைக்குக் கேட்காது, அம்மாவுக்குக் கேட்கும்.