வெள்ளைத் தேநீர் குடித்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாலாற்றங்கரையான், காட்பாடி

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. எனக்கு ஸ்டேஷன் பக்கம் கடை. டீ மாஸ்டர் கேட்காமலே கிளாஸை நீட்டுவார். ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

குன்னூர் போய்வந்த மச்சான் சின்ன டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, "இதைக் குடி, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். திறந்தால் தூளே இல்லை. பூனைக்குட்டியின் காது போல வெள்ளை ரோமம் படர்ந்த துளிர்கள், ஊசி ஊசியாக. வீட்டில் வழக்கம்போலப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். பால்தான் வந்தது, டீ வரவில்லை. "வைக்கோல் வாசனை வருதே, மாட்டுக்கு வாங்கினதா?" என்றார் நைனா.

அப்புறம் மச்சானிடமே பக்குவம் கேட்டேன். கொதித்த தண்ணீரை இறக்கி, 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, துளிரைப் போட்டு ஐந்து நிமிடம் மூடிவைக்க வேண்டுமாம். வெளிர் மஞ்சள் நிறம், தொண்டையில் லேசான இனிப்பு. பால் வேண்டியதில்லை, சர்க்கரை போட மனசே வராது.

மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது. பெருமையெல்லாம் டப்பாவுக்குத்தான் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு கணக்குப் போட்டேன். ஆறு டீக்குப் 12 ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை. நின்றது அது. துளிர் செய்த வேலை எவ்வளவு என்று யார் கண்டது?

தோல்பதம், பேரணாம்பட்டு

இது தனிச் செடி இல்லை அண்ணே. நம் டஸ்ட் டீ வரும் அதே தேயிலைச் செடிதான். மொட்டையும் இளந்துளிரையும் கிள்ளி, உருட்டாமல், கசக்காமல் வாடவிட்டு உலர்த்துகிறார்கள். சீனாவின் ஃபுஜியான் மாகாணம் இதற்குப் பேர்போனது. நீலகிரியிலும் செய்கிறார்கள். அதிகம் பக்குவப்படுத்தாததால் கேட்டச்சின் என்ற சத்து நிறையத் தங்குகிறது. அது செல்களைக் காக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலியிலும் பார்த்தது. 'தொப்பை கரையும்' என்று விற்பவனிடம் ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. தாத்தா காலத்துத் தோல் பதனிடும் தொட்டியில் ஆவாரம்பட்டை ஊறும். அந்தச் சாறும் டீயின் துவர்ப்பும் ஒரே இனம். பட்டைச்சாற்றில் ஊறிய ஈரத்தோலில் துருப்பிடித்த ஆணி பட்டால் போதும், அந்த இடம் மை கொட்டினது போலக் கறுத்துவிடும். இரும்பைக் கண்டால் விடாது அது. வயிற்றிலும் அதே கதைதான், சோற்றில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சத்துவாச்சாரி அம்மா

தம்பி சொன்னதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மகளுக்கு ஹீமோகுளோபின் 9. காலையில் இரும்பு மாத்திரையோடு இந்த டீயை நானேதான் ஆற்றிக் கொடுத்தேன், உடம்புக்கு நல்லது என்று. இரண்டு மாதம் கழித்தும் 9.2! நர்ஸம்மா "மாத்திரைய எதோட முழுங்கறே?" என்று மகளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? இப்போது மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு. டீ இரண்டு மணி நேரம் தள்ளித்தான். போன மாதம் 11 வந்தது.

நைட் ஷிப்ட், ராணிப்பேட்டை

நிறம் வெளுப்பாக இருந்ததால் காஃபின் இருக்காது என்று நினைத்தேன். லீவு நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு கிளாஸ். இரண்டு மணி வரை மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மொட்டில்தான் காஃபின் நன்றாகவே இருக்குமாம். இப்போது மதியத்தோடு நிறுத்திவிடுகிறேன். நம்ம ஊர் மே மாத வெயிலுக்கு ஒரு யோசனை: துளிரைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். துவர்ப்பும் குறைவு, காஃபினும் குறைவாக இறங்கும்.

பாலாற்றங்கரையான், காட்பாடி

சத்துவாச்சாரி அம்மா, நல்லவேளை சொன்னீர்கள், நான் சாப்பாட்டோடுதான் குடித்துக்கொண்டிருந்தேன். டப்பா தீர்ந்துவிட்டது. விலை கேட்டேன், மயக்கம் வந்தது. மச்சான் அடுத்த முறை குன்னூர் போகும்வரை கடை டீதான், பால் சர்க்கரை இல்லாமல். "இன்னாண்ணே, உடம்பு சரியில்லையா?" என்கிறார் மாஸ்டர். பாவம் பார்த்து அரை ஸ்பூன் சர்க்கரையைப் போட்டும் விடுகிறார். கிளாஸ் கைக்கு வரும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.