மெல்பர்ன் போகிறோம்: கொலு பொம்மையும் தேக்குக் கட்டிலும் கப்பலேற வேண்டுமா?

கொலுப்படி எழுதியது

வணக்கம். ஜனவரி கடைசியில் சென்னையிலிருந்து மெல்பர்னுக்குக் குடிபோகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள். கப்பல் செலவைக் கம்பெனி ஏற்காது. ஒரு தொகையைக் கையில் கொடுத்து "இனி உங்கள் பாடு" என்றுவிட்டார்கள். ஒரு மாதமாக வீட்டில் இதே சண்டை.

ஆளுக்கு இரண்டு பெட்டி, மீதியை விற்றுவிடலாம் என்பது அவர் கட்சி. 20 அடி கன்டெய்னர் என்பது என் கட்சி. வீட்டுக்கு வீடு விலை கேட்டதில் ஆறு லட்சத்தைத் தொடுகிறது.

என் பட்டியல்: மாமனார் ஆசாரியை வைத்துச் செய்த தேக்குக் கட்டில், டேபிள் டாப் கிரைண்டர், ஐந்து அட்டைப்பெட்டி கொலு பொம்மை (என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடியும் அதில் உண்டு), என் வீணை, அறுநூறு புத்தகம், ஸ்டீல் பீரோ, வெண்கலப் பானை, ஈயச்சொம்பு, கொள்ளுப்பாட்டி காலத்துக் குத்துவிளக்கு இரண்டு. சோபாவை நானாகவே விட்டுக்கொடுத்தேன். அதைத் தன் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அனுப்பியவர்களும் அனுப்பி நொந்தவர்களும் சொல்லுங்கள்.

இரண்டுபெட்டி எழுதியது

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. நான் மெல்பர்ன் மேற்குப் பக்கம் டார்னீட்டில் ஏழு வருஷமாக இருக்கிறேன். ஆறு லட்சம் என்பது ஏறக்குறைய பத்தாயிரம் டாலர். அந்தக் காசுக்கு இங்கே ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் புதிதாகவே வாங்கலாம். பழசு போதுமென்றால் கால்வாசி கூட ஆகாது. வீடு மாறுகிறவர்கள் நல்ல கட்டிலையும் மேசையையும் வாசலில் வைத்துவிட்டு, கவுன்சில் வண்டி வந்து அள்ளட்டும் என்று போய்விடுவார்கள். என் சாப்பாட்டு மேசை அப்படி வந்ததுதான்.

இன்னொன்று. வந்து இறங்கும்போது உங்களுக்கு வீடே இருக்காது. வாடகை வீடு பார்க்கப் போனால் ஒரு வீட்டுக்கு இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் தற்காலிகமாக ஒரு அறையில் இருக்கும்போது கன்டெய்னர் வந்து நின்றால் அதற்கும் வாடகை. பீரோவுக்கு வாடகை கட்டிய ஆட்களை எனக்குத் தெரியும்.

சாமான்தானே. விடுங்கள்.

ஈரோட்டுக்காரன் எழுதியது

//சாமான்தானே. விடுங்கள்.//

விடறது சுலபமுங்க, மறுபடி வாங்கறதுதான் வலிக்கும். நாங்க அஞ்சு வருசம் முன்னாடி அடிலெய்டுக்கு முழுக் கன்டெய்னர்ல கொண்டாந்தமுங்க. எங்ககூட வந்திறங்கின இன்னொரு குடும்பம் எல்லாத்தையும் இங்கயே வாங்குனாங்க. மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பலகைக் கட்டில், ரெண்டாவது தடவை கழட்டி மாட்டறப்பவே ஆட்டம் கண்டுபோச்சு. எங்க தேக்குக் கட்டில் மூணு வீடு மாறியும் கிண்ணுனு இருக்குதுங்க.

கிரைண்டரைக் கண்ணை மூடிக்கிட்டுக் கொண்டுவாங்க. இங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாத்துனாப் போதும். அமெரிக்கா, கனடாவுக்குப் போறவங்களுக்குத்தான் அந்த யோகமில்லை, அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ரெண்டு பெல்ட்டு மட்டும் சேத்து வாங்கி வெச்சுக்கங்க. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்குதுங்க, மிக்ஸியில அரைச்ச மாவுக்கு என்ன இருக்குது?

பாரிமுனை எழுதியது

சென்னைத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலையில் 22 வருஷம் இருந்தவன். இரண்டு பேரும் ஆசையை வைத்துப் பேசுகிறீர்கள். பட்டியலைப் பார்ப்போம்.

குத்துவிளக்கு. கொள்ளுப்பாட்டி காலம் என்றால் நூறு வருஷம் ஆகியிருக்குமா? ஆகியிருந்தால் அது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. நூறு ஆகவில்லை என்றால், தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கலாம். "பாட்டி விளக்குதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று இருந்தவர்களின் பெட்டி பிரிக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மரப்பாச்சி. பழைய ஜோடி என்றால் பெரும்பாலும் செம்மரம். கடத்தலால் செம்மரத்தின் மேல் இருக்கும் கெடுபிடி உங்களுக்கே தெரியும். உள்ளங்கை உயர பொம்மை என்றாலும் மரம் மரம்தான். வேறு மரத்தில் செய்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

மற்ற பொம்மைகள் மண், காகிதக்கூழ் என்றால் தடையில்லை. ஆனால் வைக்கோல் வைத்துக் கட்டியிருந்தால் மொத்தமும் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியா வைக்கோலை உள்ளே விடாது. அங்கே சுங்கத்தைவிடத் தாவர நோய்த் தடுப்புக்காரர்கள்தான் கண்டிப்பு. கட்டில் காலில் ஊசித்துளையும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் பூச்சி அரிக்கிறது என்று புகையடிக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ சொல்வார்கள். எதுவானாலும் செலவு உங்களுடையது. செருப்பு, மகளின் சைக்கிள் டயர் எல்லாம் மண் போகக் கழுவிக் காய வைத்திருக்க வேண்டும்.

சமையலறைப் பெட்டியில் இடம் மிச்சம் என்று சீரகம், மல்லி, துவரம்பருப்பு, அரிசி, காய்ந்த மிளகாய் எதையும் திணிக்காதீர்கள். கப்ரா வண்டு என்று தானியத்தை நாசம் செய்யும் ஒரு பூச்சி. நம் பக்கத்து ஜீவன்தான். அதற்குப் பயந்து 2020 முதல் இவற்றை வீட்டுச் சாமானோடு அனுப்பவே தடை. ஒரு கிண்ணம் ஆனாலும் சரி.

வீணை. கன்டெய்னரில் வேண்டாம். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். மெட்டுகளை, அதாவது விரல் வைக்கும் பித்தளைக் கம்பிகளைப் பிடித்து நிற்கும் மேளக்கட்டு மெழுகு இளகி எல்லாம் நகர்ந்துவிடும். அங்கே போய் யாரை வைத்து மேளம் கட்டுவீர்கள்? விமானத்தில் உங்களோடு எடுத்துப் போங்கள்.

இப்போது கணக்கு. 20 அடி கன்டெய்னருக்குள் ஏறக்குறைய 33 கன மீட்டர் இடம். அறுநூறு புத்தகம் கட்டிவைத்தால் அரைக் கன மீட்டர். பதினெட்டு அங்குலப் பெட்டியாக இருந்தால் ஐந்து கொலுப் பெட்டியும் இன்னொரு அரை. கழற்றிய கட்டில் அதே அளவு. பீரோ மட்டும் தனியாக முக்காலுக்கு மேல், அதுவும் உள்ளே வெறும் காற்று. பீரோவை விட்டுவிட்டால் உங்கள் மனசில் இருப்பதெல்லாம் இரண்டு கன மீட்டரைத் தாண்டாது. அதற்கு எதற்கு 33? மற்றவர்கள் சரக்கோடு பங்குக் கன்டெய்னரில் அனுப்பலாம்.

ஒரு நுணுக்கம். விமானம் எடைக்குக் காசு வாங்கும், கப்பல் இடத்துக்கு. பங்குச் சரக்கில் ஒரு கன மீட்டர் ஒரு டன்னைத் தாண்டாதவரை கனம் ஒரு பொருட்டே இல்லை. அதனால் புத்தகம், கிரைண்டர் கல், பித்தளை எல்லாம் கப்பலுக்கு ஏற்றவை. தலையணை, மெத்தை, சோபா எல்லாம் காற்றுக்குக் காசு கொடுப்பது.

ஈரோட்டுக்காரன் எழுதியது

அண்ணா, பங்குக் கன்டெய்னர்ல பக்கத்துக்காரன் பெட்டியில பூச்சி இருந்தா நம்ம பெட்டியும் சேர்ந்து நிக்குமே, அதையும் சொல்லுங்க.

பாரிமுனை எழுதியது

நிற்கும். உண்மைதான். கூடுதல் கைகள் மாறும், இறக்கி ஏற்றுவது அதிகம், நாளும் அதிகம். கொழும்பு, சிங்கப்பூர் அல்லது போர்ட் கிளாங்கில் கப்பல் மாறி, வீட்டு வாசலுக்கு வர இரண்டு மாதம், இரண்டரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். நீங்களே கட்டிய பெட்டிக்குள் பொம்மை உடைந்தால் பெரும்பாலான காப்பீட்டில் காசு வராது, அவர்கள் ஆள் கட்டியிருக்க வேண்டும். ஆனாலும் காப்பீடு எடுங்கள். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் தரைதட்டி நின்றதே, அந்த மீட்புச் செலவில் சரக்கு வைத்திருந்தவர்களும் பங்கு கட்ட வேண்டியிருந்தது. கடல் வழக்கம் அப்படி. நம் வழி சூயஸ் அல்ல, வழக்கம் எல்லாக் கடலுக்கும் ஒன்றுதான்.

இரண்டுபெட்டி எழுதியது

ஆக விளக்கு போகாது, மரப்பாச்சி போகாது, வீணை கப்பலில் போகாது. எதற்காகக் கன்டெய்னர் கேட்டீர்களோ அதெல்லாம் இங்கேயே நிற்கிறது. மிச்சம் கட்டிலும் கிரைண்டரும். கிரைண்டர் இங்கே மெல்பர்ன் டாண்டெனாங்கில் கிடைக்கிறது.

வெண்கலப் பானையையும் ஈயச்சொம்பையும் ஏன் யாரும் தொடவில்லை? மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரியிலிருந்து, திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்குக் கேஸ் இணைப்பே கிடையாது. புது வீட்டுக்கு வாடகைக்குப் போனால் பெரும்பாலும் இன்டக்‌ஷன்தான் இருக்கும். வெண்கலம், ஈயம், அலுமினியக் குக்கர் எதுவும் அதில் சூடேறாது. ஒரு காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எடுங்கள். ஈயச்சொம்பு ரசம் வேண்டுமென்றால் லீவுக்கு ஊருக்குத்தான் போக வேண்டும்.

ஈரோட்டுக்காரன் எழுதியது

அதுக்கு வெளியில வெக்கற சின்னக் கேஸ் அடுப்பு இருக்குதுங்க. எங்க வீட்டம்மா பின்கட்டுல வெச்சுத்தான் மீன் பொரிக்கறாங்க. நம்மூர் அடுப்பை மட்டும் கொண்டாராதீங்க, இந்த ஊர்ச் சான்று இல்லாத அடுப்பைக் கேஸ்காரன் மாட்டிக் குடுக்க மாட்டான்.

திரும்பியாச்சு எழுதியது

மூன்று வருஷத்தில் சென்னைக்குத் திரும்பியவன் நான். போகும்போது ஒரு கன்டெய்னர், வரும்போது ஒரு கன்டெய்னர். இரண்டு தடவை கட்டிய காசுக்கு அதே சாமானை இரண்டு தடவை வாங்கியிருக்கலாம். அங்கே பிரிக்காமலே திரும்பி வந்த பெட்டிகள் ஏழு.

கொலுப்படி, நிரந்தரமாக வசிக்கும் உரிமையோடு (PR) போகிறீர்களா, வேலை விசாவா? பதில் அதில்தான் இருக்கிறது.

கொலுப்படி எழுதியது

வேலை விசா. நாலு வருஷம். பிறகு பார்க்கலாம் என்கிறார்.

பாரிமுனை சார் எழுதியதை நேற்று ராத்திரி அவரிடம் படித்துக் காட்டினேன். விளக்குக்கு நூறு வருஷம் ஆகியிருக்கும், சந்தேகமே இல்லை. பாட்டி பெயரும் ஊரும் அடியில் வெட்டியிருக்கிறது. அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். மரப்பாச்சிதான் தாங்கவில்லை. மரப்பாச்சி இல்லாமல் எப்படிக் கொலு வைப்பது? மற்ற பொம்மையெல்லாம் வருஷத்துக்கு வருஷம் வாங்கியது. அது ஒன்றுதான் கொடுத்தது.

நாவற்குழி எழுதியது

நான் டாண்டெனாங்கில இருக்கிறன். எழுதுறதில்ல, வாசிச்சிட்டுப் போறதுதான் வழக்கம்.

95 ஒக்டோபர் கடைசியில சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிடேக்க எனக்குப் பதின்மூண்டு வயசு. பின்னேரம் சொல்லி இரவுக்கிடையில நடக்க வேணும். அம்மா தையல் மெசினின்ர தலையைக் கழட்டி அப்பான்ர சைக்கிள் கரியரில கட்டினவ. அப்பா காணி உறுதியை வயித்தில சுத்தினவர். அல்பம் எடுக்கேல்ல. அந்த மெசின்தான் கிளிநொச்சியில எங்களுக்குச் சோறு போட்டது. அல்பத்துக்கு அம்மா இண்டைக்கும் அழுவா.

அதால இரண்டுபெட்டி தம்பி "சாமான்தானே" எண்டு சொன்னது எனக்குப் பிடிக்கேல்ல. மற்றப் பக்கம், பீரோவுக்கெல்லாம் சண்டை பிடிக்கிறதும் விளங்கேல்ல. தங்கச்சி, உங்களுக்கு ஜனவரி வரைக்கும் நேரம் கிடக்கு. இருந்து யோசியுங்கோ. அல்பத்தைக் கப்பலில போடாதேங்கோ, கையோட கொண்டு வாங்கோ. வீணை வந்தா ஹீற்றர் போடுற அறையில வைக்காதேங்கோ. மகளின்ர வீணை முதல் குளிருக்கே குடத்தில வெடிச்சது.

இரண்டுபெட்டி எழுதியது

அக்கா, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கட்டில் விஷயத்தில் மட்டும் என் கட்சி மாறவில்லை. நாலு வருஷ விசாவுக்குத் தேக்குக் கட்டில் வேண்டாம்.

ஈரோட்டுக்காரன் எழுதியது

நாலு வருசம் தரையில படுக்கச் சொல்றீங்களா?

கொலுப்படி எழுதியது

முடிவு இது. கட்டில் கொழுந்தனார் வீட்டுக்குப் போகிறது. மாமனார் செய்தது குடும்பத்துக்குள்ளேயே இருக்கும். பீரோ விற்றாயிற்று. பாத்திரத்தில் காந்தம் ஒட்டியது மொத்தம் நாலுதான், சிரிப்பாக இருந்தது. வீணை என்னோடு விமானத்தில். கிரைண்டர், புத்தகம், மண் பொம்மைகள் பங்குக் கன்டெய்னரில். புத்தகத்தை அவர் உட்கார்ந்து பிரித்ததில் அறுநூறு நானூறாகிவிட்டது. கழிந்தவற்றில் பாதிக்கு மேல் என்னுடையது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மரப்பாச்சி அம்மாவிடமே இருக்கட்டும். நவராத்திரிக்கு அம்மா மேல்படியில் வைத்து வீடியோ காலில் காட்டுவாளாம். மகள் சொன்ன யோசனை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பாரிமுனை எழுதியது

பெட்டிக்குப் பெட்டி எண் போட்டு, உள்ளே இருப்பதை விவரமாக எழுதுங்கள். "பலவகை" என்று எழுதினால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்துப் பயன்படுத்திய சாமானுக்கு அங்கே வரி கிடையாது. அதனால் கப்பலுக்கென்று புதிதாக எதையும் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

கொலுப்படி_வீட்டுக்காரர் எழுதியது

வணக்கம். ஆளுக்கு இரண்டு பெட்டி என்று சொன்னவன் நான்தான். எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சின்னக் கேள்வி. கேரம் போர்டு எந்தக் கணக்கில் வரும்? போட்டி அளவு, ஒட்டுப்பலகை, காலேஜில் ஜெயித்தது.

பாரிமுனை எழுதியது

மரக் கணக்கு. ஓரத்து மரச்சட்டத்தில் பூச்சித் துளை இருக்கிறதா பாருங்கள். பவுடரை நன்றாகத் துடைத்துவிட்டு, புத்தகப் பெட்டிக்கும் பொம்மைப் பெட்டிக்கும் நடுவில் நிற்க வையுங்கள்.

கொலுப்படி எழுதியது

இது எனக்குத் தெரியாது. வீட்டில் பேசிவிட்டு வருகிறேன்.